‘அப்புறம் தர்றேன்’ என்ற பொத்தான்

நெய்வேலியில் ஒருவரிடம் என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்றுதான் கேட்பார்கள். கான்ட்ராக்ட் என்றதும் முகத்தில் ஒரு பரிதாபம் வரும், எந்த மைன்ஸ் என்பார்கள். மைன்ஸ் இல்லைங்க, பெங்களூர் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, ஆன்லைனில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து ஆடுகிற கேமில் ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் மாற்றிக்கொள்கிற ஏற்பாட்டை நான் செய்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் கண் வேறு எங்கோ போயிருக்கும். அம்மாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. “கம்ப்யூட்டர்ல சந்தை வச்சிருக்கா” என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, என் வேலையை இவ்வளவு சரியாகச் சொன்ன ஆள் வேறு யாரும் இல்லை.

சந்தையேதான். எங்கள் கேமில் நாலு வகை நிலம். கடற்கரை, வயல், காடு, மலை. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு நிலம் கிடைக்கும். கடற்கரைக்காரரிடம் உப்பு மலை மாதிரி குவிந்திருக்கும், ஒரு படி நெல் இருக்காது. மலைக்காரர் தேனை வைத்துக்கொண்டு உப்புக்கு அலைவார். ஒருத்தர் இன்னொருத்தரிடம் போகாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. ஆட்டமே அதுதான். ஆகவே அந்த மாற்றிக்கொள்கிற இடம் சரியாக இருந்தால் கேம் பிழைக்கும், அது கோணினால் எல்லாம் கோணிவிடும்.

பார்க்க ரொம்பச் சின்ன விஷயம். திரையில் இடது பக்கம் ஒரு பெட்டி, வலது பக்கம் ஒரு பெட்டி. நீ உன் பொருளை வை, நான் என் பொருளை வைக்கிறேன், இரண்டு பேரும் சம்மதம் என்று அமுக்கினால் கைமாறும். அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். நூறு மூட்டை உப்பு வைத்துவிட்டு, எதிராளியின் விரல் பொத்தானுக்குப் போகிற நேரம் பார்த்து நூறைப் பத்தாக்குவான் ஒருவன். அதற்காக ஒரு பூட்டு வைக்க வேண்டும், யார் எதை மாற்றினாலும் இரண்டு பேர் சம்மதமும் கழன்றுவிடுகிற மாதிரி. தேன் குடத்துக்குப் பதில் அதே நிறத்தில் வெல்லப்பாகை வைப்பான் இன்னொருவன். அதற்காகப் பெயரைப் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். மனுஷன் எப்படியெல்லாம் ஏமாற்றுவான் என்று உட்கார்ந்து யோசிப்பதுதான் என் வேலை. எட்டு வருஷம் அதை மட்டும் யோசித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நானே இதைச் செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கேமில் ஒரு சிக்கல் இருந்தது. உப்பு வெயில் பருவத்தில் விளையும், நெல் மழைப் பருவத்துக்குப் பின்னால் விளையும். இரண்டும் வந்து போக நிஜத்தில் மூன்று மாதம், அது ஒரு சுற்று. ஒருவரிடம் பொருள் இருக்கும்போது இன்னொருவர் பெட்டி காலியாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் மாற்ற ஒன்றும் இல்லாமல் சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, நாலாவது நாள் கேமையே விட்டுப் போனார்கள். எங்கள் டீமின் லீட் சென்னைக்காரர், அதிகம் பேச மாட்டார். “ஒரு கடை வச்சிருவோம். கேமே எல்லாத்தையும் வித்துடட்டும்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை வைத்தால் யாரும் யாரிடமும் பேச வேண்டாமே, அப்புறம் எதற்கு ஆயிரம் பேரை ஒரே இடத்தில் கூட்டுகிறோம்? நான் வேறு ஒன்று சொன்னேன். ஒரு பெட்டி காலியாக இருந்தாலும் பரவாயில்லை, அதன் கீழே ஒரு பொத்தான் வைப்போம்: ‘அப்புறம் தர்றேன்’. என்ன தருவாய், எந்தப் பருவத்தில் தருவாய் என்று சொல்லிவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்கள் பிளாக்கில் பார்த்ததுதான். பக்கத்து குவார்ட்டர்ஸில் சமையல் நடுவே கேஸ் தீர்ந்தால் எங்கள் வீட்டு நிறை சிலிண்டரை உருட்டிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு வந்ததும் எங்கள் வாசலில் நிற்கும். அம்மா ஒரு தடவைகூடப் போய்க் கேட்டதில்லை. அப்பாவுக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை, முப்பத்து நாலு வருஷம். ஷிப்ட் மாற்றிக்கொள்வது அங்கே தினப்படி நடப்பது. இன்றைக்கு என் ஷிப்டை நீ பார், என்றைக்காவது உன்னுடையதை நான் பார்க்கிறேன். ஃபோர்மேனுக்கு ஒரு தாள் போகும், திருப்பிச் செய்வது மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது. ஒரு தடவை அப்பாவுக்குக் கை கால் மூட்டெல்லாம் வீங்கின காய்ச்சல். அன்றைக்குத்தான் ஒரு நண்பருக்குப் பதில் ஷிப்ட் பார்க்க வேண்டிய நாள். அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“செத்துக்கினு போவணுமா? ஒரு நாளு சொன்னா ஒத்துக்க மாட்டாரா?”

“அவரு பொண்ணுக்கு வளைகாப்பு. அன்னிக்கி எனக்கு வந்தாரு இல்ல? நவுரு.”

கம்பெனி பஸ் படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். மனுஷன் என்றால் இப்படித்தான் என்று எனக்குள் அன்றைக்கே பதிந்துபோனது.

நான் பொத்தானைப் பற்றிச் சொன்னதும் லீட் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வாங்கிட்டு ஓடிட்டா?”

“எங்க ஓடுவாங்க?” என்றேன் நான். சத்தியமாக அப்படியே சொன்னேன், சிரித்துக்கொண்டே. எட்டு வருஷம் திருட்டுப் புத்தியைப் பற்றி யோசித்தவளுக்கு அந்தக் கேள்வி மட்டும் புரியவில்லை. நான் வளர்ந்த ஊரில் எல்லோருக்கும் பிளாக் உண்டு, ரோடு உண்டு, கதவில் நம்பர் உண்டு. எந்த ஷிப்ட், எந்த பஸ், யார் லீவில் போயிருக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். பிறந்ததிலிருந்து நான் ஓடிப்போன ஆளையே பார்த்ததில்லை. கேமில் ஒரு அக்கவுண்டை மூடிவிட்டு இன்னொன்று திறக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

லீட் ஒத்துக்கொண்டார், ஆனால் கெடு வைத்தார். “ரெண்டு சுத்து பாக்கலாம். புகார் தாங்க முடியலன்னா பிளேயருக்குள்ள மாத்திக்கிறதையே மொத்தமா எடுத்துட்டு கடை வச்சிருவோம்.” அதை எடுத்தால் எனக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு மட்டுமில்லை, என்னோடு வேலை பார்த்த கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கும்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அவளும் கான்ட்ராக்ட். பிளேயர்கள் எழுதுகிற புகாரை ஒன்று விடாமல் படித்துப் பதில் போடுவது அவள் பொறுப்பு. “நடக்கும்ங்க்கா, பாருங்க” என்று என்னைவிட அவள்தான் உறுதியாக இருந்தாள்.

நடந்தது. முதல் சுற்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. உப்பு வாங்கிப் போனவர்கள் நெல் விளைந்த அன்றைக்கே மூட்டையோடு வந்து சந்தை மரத்தடியில் காத்திருந்தார்கள். கொடுத்தவர் அன்று கேமுக்கு வரவில்லை என்றால் மறுநாளும் வந்து நின்றார்கள். சிலர் சொன்னதற்கு மேலே ஒரு மூட்டை போட்டுக் கொடுத்தார்கள். கோயம்புத்தூர்ப் பெண் அதையெல்லாம் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். நான் அம்மாவிடம் காட்டுவேன். “நம்ம சிலிண்டர் கதைதானடி இது” என்றாள் அம்மா. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

முதல் புகார் வந்தபோது ஏதோ தவறுதல் என்று நினைத்தோம். அப்புறம் ஒன்று, அப்புறம் நாலு, அப்புறம் வரிசை. பத்துத் தடவை சின்னதாக வாங்கி ஒழுங்காகத் திருப்பித் தருவான், பதினோராவது தடவை ஒரு மனுஷர் ஒரு பருவம் முழுக்கச் சேர்த்ததைத் தூக்கிக்கொண்டு காணாமல் போவான். யார் எத்தனை தடவை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்று பெயருக்குப் பக்கத்திலேயே காட்டினேன். அவர்களே நாலு பொய் அக்கவுண்ட் திறந்து, தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கி, யோக்கியன் என்று எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டார்கள். புதியவர்களுக்குப் பெரிய பொருள் தரக் கூடாது என்று தடை போட்டேன். யாருக்காக இந்தப் பொத்தானை வைத்தேனோ அவர்களே வெளியே நின்றார்கள். சரி, ஈடாக ஒரு பொருளை வைத்துவிட்டுப் போ என்றேன். ஈடு வைக்கக் கையில் பொருள் இருந்தால் அவன் ஏன் அப்புறம் என்று சொல்கிறான்? லீட் இதைக் கேட்ட பிறகுதான் அந்த யோசனையைக் கைவிட்டேன். ஒவ்வொரு ஓட்டையாக அடைக்க அடைக்க நான் கட்டினதே மூச்சு முட்டிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அப்பா ரிடையர் ஆனார். மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம் எல்லாம் முறைப்படி வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் சில மாதம் இருந்தது. மறுநாள் காலை நாலு மணிக்கு எழுந்து, குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் சத்தம் கேட்டதும் கேட் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். பேச்சே இல்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூடச் சொல்லவில்லை, அதுதான் அம்மாவைப் பயமுறுத்தியது. “இந்த மனுஷன் இப்டியே குந்திக்கினு போய்ச் சேந்துடுவாருடி” என்றாள்.

என்னிடம் கேமைச் சோதித்துப் பார்க்க ஒரு டேப்லெட் இருந்தது. மற்றவர்களுக்குப் போலவே அப்பாவுக்கும் ஒரு அக்கவுண்ட் திறந்து கையில் கொடுத்தேன். காட்டு நிலம் கிடைத்தது அவருக்கு, தேக்கு வளர்க்கலாம். “இன்னா இது, சின்னப் புள்ளைங்க வேல” என்று இரண்டு நாள் தள்ளி வைத்திருந்தார். மூன்றாம் நாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சில வாரத்தில் அவர் நிலத்தில் ஒரு மணிக்காளை நின்றது. எங்கள் கேமிலேயே அரிதான மாடு அது. கன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் விடியற்காலையில் தீனி வைத்தால்தான் பெரிதாகும், ஒரு நாள் விட்டாலும் காட்டுக்கு ஓடிவிடும். வளர்ந்த பிறகும் தினமும் வைக்க வேண்டும். எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவரே வளர்த்திருப்பார், நாலு மணிக்கு எழுந்திருக்கிற மனுஷன்தானே என்று விட்டுவிட்டேன். தினமும் அந்த நேரத்துக்கு எழுந்து தீனி வைத்துவிட்டு, விரலால் அதன் முதுகைத் தடவிக்கொடுப்பார். திரையில் மணி ஆடும். “பேரப் புள்ளைக்கு ஊட்டுற மாதிரி இல்ல ஊட்டுறாரு. இந்த ஜென்மத்துல நமக்கு மாடுதான்” என்று அம்மா என்னை ஜாடையாகக் குத்துவாள். குத்தட்டும், அப்பா மறுபடி சாப்பாட்டில் உப்பு குறை என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் கோயம்புத்தூர்ப் பெண் எனக்கு ஒரு புகாரை அனுப்பினாள். “இத மட்டும் படிங்க்கா” என்று எழுதியிருந்தாள். ஒரு பிளேயர், ஆணா பெண்ணா தெரியவில்லை, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார். தான் வளர்த்த மாட்டை ஒருவருக்கு ‘அப்புறம்’ பேச்சில் கொடுத்ததாகவும், அவர் திருப்பித் தரவில்லை என்றும், கேட்டாலும் பதில் இல்லை என்றும். கடைசியில், மாடு போனால் போகட்டும், நான் அவரிடம் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா, அதனால்தான் வரவில்லையா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்றிருந்தது. யார் என்று விசாரித்துப் பதில் போடுவதற்குள் அவர் அக்கவுண்டை மூடிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை. “நல்லா இருப்பானா அவன்? வெளங்குவானா?” என்று வாய்விட்டே திட்டினேன். அப்பா ஹாலில்தான் இருந்தார். “யாரம்மா?” என்றார். “எவனோ ஒரு பிராடுப்பா” என்றேன்.

இரண்டாம் சுற்று முடிய இரண்டு வாரம் இருந்தபோது லீட் கையை விரித்துவிட்டார். நான் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை. கடைசியாக ஒன்று செய்து பார்க்கலாம் என்றேன். சொன்ன பருவம் தாண்டியும் திருப்பித் தராதவர்கள் எல்லோரையும் சந்தையிலிருந்து விலக்குவோம், வாங்கினதைப் பிடுங்குவோம், பட்டியலைச் சந்தை மரத்தடியில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டுவோம். சின்னவன் பெரியவன் பார்க்கக் கூடாது. அப்போதுதான் மிச்சம் இருக்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும். லீட், “ஒரு பேர் தப்பினாலும் மொத்தமும் போச்சு. ரெண்டு பேர் பாத்து ரெண்டு பேரும் கையெழுத்து போடணும்” என்றார். முதலில் நான் பார்க்க வேண்டும், அப்புறம் கோயம்புத்தூர்ப் பெண்.

கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்த பட்டியலை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வரி வந்தது. பொருள்: மணிக்காளை. தருவதாகச் சொன்னது: தேக்கு. கொடுத்தவர், தப்பாகப் பேசிவிட்டேனா என்று புகாரில் கேட்டுவிட்டுப் போன அதே ஆள். வாங்கினவர் அக்கவுண்ட் நான் என் கையால் திறந்தது. இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுந்து ஹாலுக்குப் போனேன். அப்பா காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இந்தக் காளை ஏது?”

“ஒரு ஆளு குடுத்தாரும்மா.”

“சும்மாவா?”

“மரம் தர்றேன்னேன். தேக்கு அறுத்த அன்னிக்கே தர்லாம்னுதான் இருந்தேன். மழை வந்துகினு இருந்துச்சு, காளைக்குக் கொட்டாய் போட வேண்டியதாப் பூடுச்சு. மரம் அதுக்கே சரியாப் போச்சு.”

“அவர் கேக்கலையா?”

“கேட்டாரு. ரெண்டு மூணு வாட்டி மெசேஜ் வந்துச்சு. அப்பறம் வர்ல.”

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. “நீங்க என்னைக்காவது யாருக்காவது ஷிப்ட் பாக்கி வச்சிருக்கீங்களாப்பா?” என்று கத்தினேன்.

அவருக்கும் கோபம் வந்தது. “அதுவும் இதுவும் ஒண்ணா? அது மனுஷன்மா. பஸ்ல பக்கத்துல குந்திக்கினு வர்றவன். மறுநாளு அவன் மூஞ்சிய நான் பாக்கணும். இது யாரு? பேரு தெரியாது, ஊரு தெரியாது. பொம்மை.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “வெளையாட்டுதானம்மா. இதுக்குப் போயி ஏன் அழுவுற?”

நான் என் அறைக்கு வந்துவிட்டேன். அவரை அயோக்கியன் என்று நினைக்க என்னால் முடியவில்லை, அதுதான் கொடுமை. அவர் பொய்யே சொல்லவில்லை. மறுநாள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இத்தனை வருஷமும் அவரைக் காய்ச்சலோடு பஸ் ஏற வைத்தது. அதை நான் மனுஷ குணம் என்று தப்பாகப் படித்து, அதன் மேல் ஒரு சந்தையையே கட்டிவிட்டேன். என் அப்பாவே திருப்பித் தராத இடத்தில் வேறு யார் தருவார்கள் என்று எதிர்பார்த்தேன்? இனிமேல் மரத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லலாம் என்றால் வாங்கிக்கொள்ள அந்த ஆளும் இல்லை.

அந்த வரியை விட்டுவைத்தால் சந்தை அப்பாவுக்கு மூடிவிடும், காளை போய்விடும். நாளைக் காலை நாலு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி கேட் வரை போவார். அதை எடுத்தால் நான் கெஞ்சி வாங்கின கடைசி வாய்ப்பில் நானே மண்ணை அள்ளிப் போடுகிறேன். ஹாலில் காளையின் மணி ஆடுகிற சத்தம் கேட்டது. வரியை அழித்தேன். கையெழுத்துப் போட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவள் கையெழுத்தும் வந்துவிட்டது. “நீங்க பாத்துட்டீங்கள்ல, அப்புறம் நான் எதுக்குங்க்கா பாக்கோணும்” என்று கீழே எழுதியிருந்தாள்.

பட்டியலை ஒட்டினோம். மூன்று நாள் புகார் குறைந்தது. லீட்கூட “பரவால்லையே” என்றார். நாலாவது நாள், பட்டியலில் பெயர் வந்த ஒருவன் புது அக்கவுண்டில் வந்து, சந்தையில் எல்லோரும் பார்க்க ஒரு படத்தைப் போட்டான். அப்பாவின் கொட்டகை, உள்ளே காளை. இது யாருடைய மாடு என்று பழைய ஆட்களுக்குத் தெரியும், இவன் பெயர் மட்டும் ஏன் இல்லை, கம்பெனிக்காரன் வீட்டு ஆளா என்று கேட்டிருந்தான். திருடன்தான் கேட்டான், ஆனால் கேள்வி சரி. பொழுது சாய்வதற்குள் சந்தையே கொதித்தது. எந்த வரியை யார் அழித்தார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். அந்தக் குறிப்பை வைக்கச் சொன்னவளும் நான்தான்.

மறுநாள் காலை மூன்று பேரும் வீடியோவில் பேசினோம். நான் மறைக்கவில்லை. “அது எங்கப்பா” என்றேன். லீட் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மாற்றிக்கொள்கிற ஏற்பாட்டை எடுத்துவிடலாம், கடை வரட்டும் என்றார். பிரித்தெடுக்க உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும், ஆகவே அது முடிகிற வரை நான் இருக்க வேண்டும். கோயம்புத்தூர்ப் பெண் அன்றோடு போகலாம்.

“தப்பு என்னுதுங்க. அவளுக்குத் தெரியவே தெரியாது” என்றேன்.

“ரெண்டாவது கையெழுத்து எதுக்கு? பாக்குறதுக்குத்தானே. அவங்க பாக்கலையே” என்றார்.

லீட் போன பிறகு அவளும் நானும் மட்டும் திரையில் இருந்தோம். மன்னித்துக்கொள் என்றேன். வேறு இடத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் அழக்கூட இல்லை. “பரவாயில்லைங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வருஷமாக அக்கா என்றவள். அவள் என்னைக் கண்டபடி திட்டியிருக்கலாம்.

பிரித்தெடுக்கிற வேலை மூன்று வாரம் ஆனது. திருப்பித் தராமல் இருக்கிற பொருளெல்லாம் கொடுத்தவர்களிடமே போய்ச் சேரும், கொடுத்தவர் கேமில் இல்லை என்றால் அந்தப் பொருள் அழிந்துவிடும். அந்த விதியையும் நானே எழுதினேன். இந்தத் தடவை எந்த வரியையும் தொடவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அமுக்கி முடித்தேன். சந்தை மரத்தடியில் கடை ஒன்று முளைத்தது, பலகையில் எல்லாப் பொருளும் இருந்தது, அதன் முன்னால் நின்ற ஒருவரும் யாரோடும் பேசவில்லை.

மறுநாள் காலை காபி குடிக்கிற நேரம் அப்பா டேப்லெட்டோடு என் அறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“காளைய காணோம்மா. நாலு மணியிலேந்து தேடிக்கினு இருக்கேன். கொட்டாய் காலியா கெடக்குது. காடெல்லாம் பாத்துட்டேன்.”

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“எவனோ ஓட்டிக்கினு பூட்டான். ஒரு நாளு தவறாம தீனி வெச்சேனேம்மா. இப்டிகூட செய்வானுங்களா? நெஞ்சுல ஈரமே கெடையாதா? நீ ஒரு புகார் எழுது.”

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். காளையின் நெற்றியில் வெள்ளைச் சுழி என்று போடச் சொன்னார், போட்டேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்று போடச் சொன்னார், அதையும் போட்டேன். அனுப்பு என்றார். அனுப்பினேன்.

“யாரு பாப்பாங்க இத?”

“ஒரு பொண்ணுப்பா. கோயம்புத்தூர். ஒண்ணு விடாம படிப்பா.”

“நல்ல பொண்ணா?”

“நல்ல பொண்ணுப்பா.”

அப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எழுந்தவர் கதவருகே நின்று, பதில் வருகிற வரைக்கும் கொட்டகையில் தீனி வைத்துக்கொண்டே இருக்கட்டுமா, ராத்திரி அதுவே திரும்பி வந்தால் பசியோடு நிற்குமே என்று கேட்டார். வைங்கப்பா என்றேன்.